செண்பகத்தின் இரண்டாவது சாவி

அழகியபேரி கோயில் யானை மூச்சு விடவில்லை என்று காலையில் எனக்குத் தொலைபேசி வந்தது. அந்த யானை என்றைக்குமே மூச்சு விட்டதில்லை. அது இயந்திரம். ஆனால் அதை அந்த ஊரில் சொல்லிவிட்டு முழுசாகத் திரும்பி வர முடியாது என்பதால், "காது ஆடுதா அண்ணாச்சி?" என்று மட்டும் கேட்டேன்.

"ஆடல."

"கண்ணு?"

"திறந்துதான் இருக்கு. ஆனா யாரையும் பாக்கல எஞ்சினியரம்மா. என்னையவே பாக்கல." என்றார் பாகன் ஆதிநயினார். "ராஜகோபுர வாசல்ல பாதி உள்ள, பாதி வெளிய நிக்கி. இன்னைக்குச் சப்பரம்."

நான் பைக்கை எடுத்தேன்.

என் பெயர் உலகம்மை. நிஜ யானைகளைச் சட்டம் போட்டுக் காட்டுக்கு அனுப்பிய பிறகு, தென்மாவட்டக் கோயில்களில் நிற்கிற இயந்திர யானைகளுக்கெல்லாம் நான்தான் வைத்தியச்சி. கம்பெனி எனக்குக் கொடுத்த பதவியின் பெயர் விசிட்டிங் கார்டில் இரண்டு வரி வரும். ஊர்க்காரர்கள் யானை டாக்டர் என்று முடித்துவிடுவார்கள். எனக்கும் அதுதான் பிடிக்கும்.

மற்ற யானைகளுக்கும் அழகியபேரி செண்பகத்துக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. சிவன் கோயிலில் நந்தியின் காதில் குனிந்து வேண்டுதலைச் சொல்லும் பழக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது. அழகியபேரிக்காரர்கள் ஒரு படி மேலே போனார்கள். செண்பகம் வந்த முதல் வாரத்திலேயே எவரோ ஒரு புண்ணியவான் அதன் காதில் ஏதோ சொல்ல, அது காதை ஒருமுறை மடக்கி விரித்துவிட்டது. நந்தி அப்படியெல்லாம் செய்யாது. அன்றிலிருந்து வரிசை யானைக்கு மாறிவிட்டது.

செண்பகம் வெறுமனே கேட்டுக்கொள்கிற ரகமும் இல்லை. காதில் விழுந்ததில் தன்னால் ஆன காரியம் ஏதாவது இருந்தால் அதைத் தானே எடுத்துக்கொள்ளும். முட்டுவலி என்று சொன்னவர் பிரகாரம் சுற்றும்போது அவருக்கு ஈடாக மெதுவாக நடக்கும். பரீட்சைக்குப் பயந்த பிள்ளைக்குத் துதிக்கையால் இரண்டு தடவை ஆசி கொடுக்கும். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதன் மூளை அப்படிக் கற்றுக்கொள்ளும்படி செய்யப்பட்டது.

இது இப்படியே போயிருந்தால் நல்லது. எனக்கு முன்னால் இருந்த ஒரு மகராசன், பழுது பார்க்க வந்தவன், யானையின் நினைவு டிஸ்க்கில் இருந்த பேச்சுகளைக் கேட்டுவிட்டு டீக்கடையில் இரண்டை அவிழ்த்துவிட்டான். ஒரு நிச்சயதார்த்தம் முறிந்தது. அண்ணன் தம்பிகள் வெட்டிக்கொள்ளப் போனார்கள். அதற்குப் பிறகுதான் யானையின் டிஸ்க்கை மறைகுறியாக்கிப் பூட்டவேண்டும், சாவி ஒரே ஓர் ஆளிடம்தான் இருக்கவேண்டும் என்று உத்தரவு வந்தது. சாவி என்றால் இரும்பு இல்லை. ஒரு வாக்கியம். தினமும் காலையில் செண்பகம் எழும்போது பாகன் அதன் காதில் அந்த வாக்கியத்தைச் சொல்லவேண்டும். சொன்னால் டிஸ்க் திறக்கும். கம்பெனிக்கும் அது தெரியாது, எனக்கும் தெரியாது.

நான் போய்ச் சேர்ந்தபோது ராஜகோபுர வாசலில் செண்பகம் கல்லாக நின்றது. இடது விலா கோபுரக் கல்லோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வலது பக்கம் ஓர் ஆள் வயிற்றை எக்கிக்கொண்டு நுழையலாம். சாமி சப்பரத்துக்கு வரவேண்டுமானால் அந்த வாசல் வழியாகத்தான். செயல் அலுவலர் ஞானசுந்தரி அந்த இடுக்கில் நின்று போனில் யாருக்கோ சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது.

"உலகம்மை, இது எப்ப நகரும்? அதை மட்டும் சொல்லுங்க."

"பாத்துட்டுச் சொல்லுதேன் மேடம்."

காதுக்குப் பின்னால் இருக்கும் மூடியைத் திறந்து என் திரையைச் செருகினேன். பார்த்ததும் கோபம் தலைக்கேறியது. கம்பெனி விடியற்காலையில் எல்லா யானைகளுக்கும் புது கெர்னல் அனுப்பியிருக்கிறது. பண்டிகை நாளாகப் பார்த்து அப்டேட் அனுப்புகிற அறிவாளிகளைப் பற்றி இங்கே எழுதினால் அச்சில் வராது. யானை சும்மா நிற்கும் நேரம் பார்த்துத் தன்னை மறுபடி துவக்கிக்கொள்ளும்படி செய்திருந்தார்கள். தீபாராதனைக்காக வாசலில் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றிருக்கிறது செண்பகம். சும்மாதானே நிற்கிறோம் என்று தூங்கிவிட்டது. எழுந்திருக்கும்போது சாவி கேட்டது.

"நான் சொன்னேன்," என்றார் ஆதிநயினார். நாற்பது வயது. ஆள் ஆறடி. குரல் மட்டும் எப்போதும் அரையடிக்கு மேல் எழும்பாது. "எப்பவும் போல காதுலதான் சொன்னேன். கேக்கவே இல்ல. நாலு தடவை சொல்லிட்டேன்."

"தப்பான சாவின்னாவது சொல்லுச்சா?"

"அதுகூடச் சொல்லல."

அது எனக்குப் போதுமான துப்பு. சாவி தப்பில்லை. சாவி போய்ச் சேரவே இல்லை. திரையில் நோண்டிப் பார்த்தேன். பழைய கெர்னல் இருந்தால் அதை வைத்து எழுப்பிவிடலாம். துவக்கப் பகுதியில் இடம் போதவில்லை என்று புதுசு வந்த உடனே பழசை அழித்திருந்தது. அப்புறம் ஒலிச் சாதனங்களின் வரிசையைப் பார்த்தேன். தலையில் அடித்துக்கொண்டேன்.

"என்ன?" என்றார் ஞானசுந்தரி.

"மேடம், இந்த கெர்னல்ங்கிறது முதல்ல எந்திரிக்கிற ஆளு. எந்திரிச்சதும் வீட்டுல என்னென்ன சாமான் இருக்குன்னு எண்ணிப் பாக்கும். பழைய ஆளு காதுல இருக்க மைக்கை ஒண்ணாம் நம்பர்னு எண்ணுனான். நெஞ்சுல இருக்க மைக்கை ரெண்டுன்னு எண்ணுனான். புது ஆளு மாத்தி எண்ணிட்டான். சாவி கேக்கிற புரோகிராமுக்கு ஒண்ணாம் நம்பர் மட்டுந்தான் தெரியும்."

"அதாவது?"

"காதுல சொன்னா கேக்காது. நெஞ்சு மைக்குல சொல்லணும்."

"சொல்லிட வேண்டியதுதானே."

ஆதிநயினாருக்கு அதற்குள் விஷயம் புரிந்துவிட்டது. முகம் வெளுத்தது. நெஞ்சு மைக் என்பது, ஊர்வலத்தில் ஓதுவார் பாடுவதற்காகச் செண்பகத்தின் மார்பில் வைத்தது. அதில் பேசினால் பக்கத்திலேயே இருக்கும் ஒலிபெருக்கி நான்கு ரத வீதிக்கும் எடுத்துச் சொல்லும்.

"ஒலிபெருக்கியை அணைச்சிருங்க," என்றார் மெதுவாக.

"அந்த வயரு இடது விலாவுக்குள்ள இருக்கு அண்ணாச்சி. விலா கோபுரத்தோட ஒட்டி நிக்கி. அதை நகத்தணும்னா அது எந்திரிக்கணும். எந்திரிக்கணும்னா சாவி வேணும்."

"வெளியிலேர்ந்து வரிசையை மாத்த முடியாதா?" என்றார் ஞானசுந்தரி.

"அந்தக் கோப்பு டிஸ்க்குக்கு உள்ள இருக்கு மேடம். பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டின கதை."

கோணிச் சாக்கை ஒலிபெருக்கியில் திணித்து, சாவி கேட்பதைத் திரையில் நிறுத்திவைத்துவிட்டுப் பேசிப் பார்த்தோம். சத்தம் குறைந்தது, தெளிவு குறையவில்லை. ஞானசுந்தரி கூட்டத்தைப் பார்த்து, பாகன் ஒரு ரகசியம் சொல்லவேண்டியிருக்கிறது, எல்லோரும் தயவுசெய்து மேல ரத வீதிக்குப் போய்விடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். ரகசியம் என்ற சொல் காதில் விழுந்ததும் மேல ரத வீதியில் இருந்தவர்களும் இங்கே வந்துவிட்டார்கள். அந்த அம்மாளுக்கு இந்த ஊர் இன்னும் பழகவில்லை.

வார்டு கவுன்சிலர் பொன்னுலிங்கம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"எதுக்கும்மா இவ்வளவு பாடு? டிஸ்க்கை அழிச்சிட்டுப் புதுசாப் போட்டா ஓடும்லா?"

"ஓடும்," என்றேன். பொய் சொல்லத் தெரியாதது என் தொழிலில் ஒரு குறை. "நடக்கும், ஆசி கொடுக்கும், சப்பரத்துக்கு முன்னால போகும். ஆனா எல்லாத்தையும் மறந்துரும். யாரையும் தெரியாது."

"மறக்கட்டும். ஊருக்கு நல்லதுதான்."

கூட்டத்தில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். அவர்களுடைய முகத்தை நான் கவனித்துப் பார்த்தேன். காதில் சொன்னதெல்லாம் அழிந்துபோவதில் அவர்களுக்கு ஒரு நிம்மதி. அடுத்தவன் சொன்னதும் சேர்ந்து அழிகிறதே என்று ஒரு வருத்தம். ஞானசுந்தரி என் பக்கம் சாய்ந்து, "நானும் ஒருநாள் அது காதுல டிரான்ஸ்ஃபர் கேட்டு வச்சிருக்கேன்," என்றார். அவர் எந்தக் கட்சி என்று அதிலிருந்து தெரியவில்லை.

அப்போதுதான் குழல்வாய்மொழியைப் பார்த்தேன். கோயில் வாசலில் பிரசாதக் கடை வைத்திருப்பவள். நான் வரும்போதெல்லாம் புளியோதரைப் பொட்டலத்தைக் கையில் திணித்துவிட்டுக் காசு வாங்க மறுக்கிறவள். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். அன்றைக்குக் கையில் பொட்டலம் இல்லை. கூட்டத்தின் ஓரத்தில் செண்பகத்தின் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவளுடைய அம்மா பேச்சியம்மாள் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் செண்பகத்தின் காதில் ஏதோ சொல்லுவாள். போன ஐப்பசியில் இறந்துபோனாள். அவள் போன மறுநாளிலிருந்து செண்பகம் ஒரு காரியம் செய்தது. சாயங்காலம் கொட்டகைக்குத் திரும்பும்போது பிரசாதக் கடை முன்னால் நின்றுவிடும். குழல்வாய்மொழி பாத்திரம் கழுவி, கல்லாவைப் பூட்டி, ஷட்டரை இழுத்துவிடுகிற வரைக்கும் அசையாது. அப்புறம்தான் கிளம்பும். மழையிலும் நின்றிருக்கிறது. ஆதிநயினார் இழுத்துப் பார்த்திருக்கிறார், வரவில்லை. பேச்சியம்மாள் என்ன சொல்லிவிட்டுப் போனாள் என்று யாருக்கும் தெரியாது. டிஸ்க்குக்குத்தான் தெரியும்.

"அக்கா," என்றேன்.

"அழிச்சா அதுவும் போயிரும்லா?" என்றாள். சுற்றி வளைக்கவில்லை.

"போயிரும்க்கா."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். ஆதிநயினாரைத் தனியாக இழுத்துக்கொண்டு போனேன்.

"அண்ணாச்சி, ஒரு வாக்கியந்தான. ஊரு ரெண்டு நாள் சிரிக்கும். அதுக்கப்புறம் வேற ஆளு கிடைச்சிருவான். அக்காவுக்கு அவ அம்மா விட்டுட்டுப் போனது இது ஒண்ணுதான்."

"எனக்குத் தெரியாதா எஞ்சினியரம்மா?" முதல் தடவையாக அவர் குரலில் சூடு ஏறியது. "என்னையப் பாத்து ஊரு சிரிச்சா சிரிச்சிட்டுப் போகட்டும். அதுல என் பேரு மட்டும் இருந்தா இந்நேரம் சொல்லிருப்பேன். இன்னொருத்தவங்க பேரு இருக்கு. அவங்களக் கேக்காம அதை நாலு வீதியில எப்படிச் சொல்லுதது?"

"கேட்டுட்டுச் சொல்லுங்க."

"கேக்க முடிஞ்சா யானைகிட்ட என்னத்துக்குச் சொல்லுதேன்?"

அவருடைய கண் ஒரு கணம் பிரசாதக் கடைப் பக்கம் போய்விட்டுத் திரும்பியது. நான் என்ன சின்னப் பிள்ளையா. எல்லாம் விளங்கிவிட்டது. மூன்று தங்கைகளைக் கட்டிக்கொடுத்து முடித்தபோது தன் கல்யாண வயசு தாண்டிவிட்டதாக அவரே தீர்மானம் செய்துகொண்டவர். அவளோ, அம்மாவைப் பார்த்துக்கொள்ளவேண்டும் என்று, வந்த வரன்களை எல்லாம் திருப்பி அனுப்பியவள். இருபதடி தூரத்தில் தினமும் எதிரெதிரே. ஊருக்கே பேச யானை இருக்கும்போது இவர்களுக்குப் பேச வாய் இல்லாமல் போயிற்று.

"சரி, சாவி கேக்கிறதைத் திரும்பத் தொடங்கிருதேன், ஒரு தடவை மைக் முன்னால நின்னாவது பாருங்க," என்றேன். "மூணு தடவை தப்பானா நாளைக்குக் காலை வரைக்கும் காதைப் பொத்திக்கிடும். அதை மட்டும் ஞாபகத்துல வச்சுக்கோங்க."

அவர் மைக் முன்னால் போய் நின்றார். வீதி அடங்கியது. சுண்டல் விற்பவன்கூடத் தட்டுவதை நிறுத்தினான். ஆதிநயினார் மூச்சை இழுத்தார். அந்த மூச்சு நான்கு வீதியிலும் கேட்டது. தொண்டையைச் செருமினார். அதுவும் கேட்டது.

"சாவி பொருந்தவில்லை," என்றது செண்பகம். அதன் குரல் வானொலியில் செய்தி வாசிப்பவரைப் போல மரியாதையாக இருக்கும்.

ஒரு வாய்ப்பு செருமலில் போனது. கூட்டம் சிரித்தது. "யோவ், சத்தமாச் சொல்லும்யா," என்று பொன்னுலிங்கம் பக்கத்தில் வந்து கத்தினார்.

"சாவி பொருந்தவில்லை."

ஞானசுந்தரி கவுன்சிலரைப் பார்த்த பார்வையில் அவர் தானாகவே பத்தடி பின்னால் போனார். இன்னும் ஒரே வாய்ப்பு. ஆதிநயினார் மைக்கையும் கடையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பின்வாங்கி வந்துவிட்டார்.

"என்னால முடியாது மேடம். அழிச்சிருங்க." கண் கலங்கியிருந்தது. "தப்பு என்னோடதுதான். வேலையை விட்டு வேணாலும் நிறுத்திருங்க."

ஞானசுந்தரி என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன். அழிக்கிறதுக்கு முன்னால் டிஸ்க்கின் முகப்பை ஒருமுறை படிக்கவேண்டும் என்பது எங்கள் விதி. படித்தேன். இன்னொரு முறை படித்தேன்.

"அண்ணாச்சி, இந்தப் பூட்டுல எட்டு துவாரம் இருக்கும். ஒவ்வொண்ணுக்கும் ஒரு சாவி போடலாம், எந்தச் சாவி போட்டாலும் திறக்கும். உங்களுக்கு ஒண்ணுதான குடுத்தது?"

"ஒண்ணுதான்."

"இங்க ரெண்டு துவாரம் நிரம்பியிருக்கு."

அவர் தரையைப் பார்த்தார். ஆறடி ஆள் மூன்றடியாகிவிட்டார்.

"உத்தரவுல ஒரே ஆள்தான்னு இருக்கு," என்றார் ஞானசுந்தரி. "யார் அந்த இன்னொருத்தர்?"

"போன வருஷம் எனக்கு மஞ்சக்காமாலை வந்து மூணு வாரம் கிடந்தேம்லா," என்றார் ஆதிநயினார், தரையிடம். "அப்ப யானையை எழுப்ப ஆளில்ல. உங்களுக்கு முன்னால இருந்த ஐயா, பக்கத்துல கடை வச்சிருக்கு, செண்பகத்துக்கும் பழக்கம், குழலே எழுப்பட்டும்னு ஒரு சாவி போடச் சொன்னாவ. நான் திரும்பி வந்ததும் அந்தச் சாவியை எடுத்துரணும். அதான் விதி."

"எடுக்கலையா?"

"எடுக்கணும்னா ஒரு பட்டன அமுக்கணும். தினமும் அமுக்கப் போவேன். அவ சொன்ன ஒரு வார்த்தை அதுக்குள்ள இருக்கு. என்ன வார்த்தைன்னு எனக்குத் தெரியாது. அழிக்க மனசு வரல."

அரசாங்க உத்தரவை இப்படி ஒரு காரணத்துக்காக மீறியவரை ஞானசுந்தரி தன் பணிக்காலத்தில் பார்த்திருக்க மாட்டார்.

குழல்வாய்மொழி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். முகத்தில் ரத்தம் ஏறியிருந்தது. சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தாள். துடைக்க ஒன்றும் இல்லை.

"நான் சொன்னது இன்னும் வேலை செய்யுமா பாப்பா?" என்று என்னைக் கேட்டாள்.

"செய்யும்க்கா. ஆனா நெஞ்சு மைக்குலதான். அன்னைக்குச் சொன்ன அதே வார்த்தை. ஒண்ணுகூட மாறக்கூடாது. ஒரே ஒரு தடவைதான் இருக்கு."

"மூணு வாரம் தினமும் சொல்லிருக்கேன். மாறாது."

"குழலு, வேண்டாம்," என்றார் ஆதிநயினார். "ஊரு இருக்கு."

"ஊரு இருக்கட்டும்," என்றாள் அவள். செண்பகத்தின் கண்ணுக்குக் கீழே ஒருமுறை தடவிக்கொடுத்தாள். மைக் முன்னால் நின்றாள். செருமவில்லை, மூச்சு இழுக்கவில்லை. கடையில் விலை சொல்கிற அதே குரலில் சொன்னாள்.

"நயினாரு எந்திரிச்சு வந்துட்டா, நானே கேட்டுருதேன்."

நான்கு ரத வீதியும் கேட்டது. மூன்று வாரமும் காலையில் அதைச் சொல்லித்தான் யானையை எழுப்பியிருக்கிறாள். மஞ்சள்காமாலையில் ஆள் தேறுவது சந்தேகம் என்று டாக்டர் சொன்ன வாரங்கள் அவை. சாவி கேட்டார்கள், நேர்ச்சை வைத்துவிட்டாள்.

"சாவி பொருந்தியது," என்றது செண்பகம்.

காது ஆடியது. முதலில் வலது, பிறகு இடது. கண் சுற்றி வந்து ஆதிநயினாரிடம் நின்றது. துதிக்கை நீண்டு அவர் தலையைத் தொட்டது. கூட்டம் கை தட்டிற்று. ஆனால் ஒருவரும் கலையவில்லை. சாமி புறப்பாட்டுக்கு நேரமாகிறது என்பது செயல் அலுவலருக்கே மறந்துவிட்டது. நேர்ச்சை பாக்கி இருக்கிறதே. நயினார் எழுந்து வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

குழல்வாய்மொழி திரும்பினாள். மைக் இன்னும் அவள் பக்கத்தில்தான் இருந்தது.

"நேந்துகிட்டத முடிக்காம இத்தனை நாள் இருந்துட்டேன்," என்றாள். "இப்பக் கேக்கேன். என்னையக் கட்டிக்கிடுதீங்களா?"

ஆதிநயினார் பதில் சொல்லவில்லை. சொல்ல மாட்டார் போல இருந்தது. ஒரு மனுஷன் இவ்வளவு நேரம் வாயைத் திறந்துகொண்டு நிற்க முடியும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அவருக்கு ஓர் அறை விடலாம் போல எனக்கே இருந்தது. சும்மா நிற்பானேன் என்று நான் என் வேலையைப் பார்த்தேன். டிஸ்க் திறந்ததும் மைக் வரிசையைச் சரிசெய்து, இரண்டு சாவிகளையும் சோதித்துப் பார்க்கவேண்டும். விதிப்படி முதலில் வரிசையைச் சரிசெய்யவேண்டும், அப்புறம்தான் சோதனை. நான் முதலில் சோதனையைப் போட்டேன்; அதனால் நெஞ்சு மைக்தான் இன்னும் சாவிக்குக் காத்திருந்தது. வேண்டுமென்றா என்று கேட்காதீர்கள்.

ஆதிநயினார் கடைசியில் இரண்டு அடி முன்னால் வந்தார். யானையின் காதுப் பக்கம் போகவில்லை. அவள் முன்னால் நின்று, தினமும் காலையில் சொல்லிப் பழகிய சொற்களை, பழகிய அதே வரிசையில் சொன்னார்.

"குழலு கேட்டா, சரின்னு சொல்லிருவேன்."

"சாவி பொருந்தியது," என்றது செண்பகம், நான்கு ரத வீதிக்கும்.

அதற்கப்புறம் நடந்ததை நான் பார்க்கவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் முன்னால் வந்ததில் என் திரை கீழே விழுந்துவிட்டது. அதைத் தேடி எடுத்து நிமிர்ந்தபோது செண்பகம் வாசலை விட்டு வெளியே நடந்துகொண்டிருந்தது. பொன்னுலிங்கம் புளியோதரை விநியோகித்துக்கொண்டிருந்தார். ஞானசுந்தரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, ஊருக்கே தெரிந்துபோன சாவியை மறுநாளே மாற்றிவிடும்படி என்னிடம் சொன்னார். மாற்றினேன். புது உத்தரவில் இரண்டு துவாரங்களுக்கு அனுமதி வாங்கித் தந்ததும் அவர்தான்.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். கல்யாணத்துக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். பிறகு ஒருநாள் அழகியபேரியிலிருந்து ஒரு புகார் வந்தது. கம்பெனித் திரையில், 'யானை மறதி, கெர்னல் கோளாறாக இருக்கலாம்' என்று போட்டிருந்தது. கொடுத்தவர் பெயர் குழல்வாய்மொழி.

போனபோது கடையில்தான் இருந்தாள். எனக்குப் பொட்டலம் கட்டினாள். காசு வாங்கவில்லை.

"இப்பல்லாம் கடைக்கு முன்னால நிக்க மாட்டேங்கு பாப்பா. நேராக் கொட்டகைக்குப் போயிருது. முதல்ல கூட்டத்துல மறந்திருக்கும்னு நினைச்சேன். கல்யாணப் பரபரப்புல நானும் கவனிக்கல. இப்பத்தான் உறைக்கி. அன்னைக்குச் சப்பரத்துல இருந்தே நிக்கல." ஷட்டரின் பூட்டை விரலால் உருட்டினாள். "அப்டேட்டுல அழிஞ்சிருச்சோ? அம்மா ரெண்டாவது தடவை போன மாதிரி இருக்கு."

ஆதிநயினார் பக்கத்தில் நின்றார். "கட்டிக்கிட்டதுல அது நிறுத்திருச்சோன்னு பயப்படுதா," என்றார். "நான் வந்ததால போச்சோன்னு எனக்கும் ஒரு இது."

கொட்டகைக்குப் போய் இரண்டு பேரும் சாவியைச் சொன்னார்கள். காதில்தான். நான் விலகி நின்றுகொண்டேன்.

கடைக்குத் திரும்பிவந்து திரையைப் பார்த்தேன். டிஸ்க்கில் ஓர் எழுத்துகூடக் குறையவில்லை. பேச்சியம்மாள் சொன்னது அப்படியே இருந்தது. அதை நான் கேட்க முடியாது. பேச்சுகளுக்குத் தனிப் பூட்டு. ஆனால் செண்பகம் தனக்கென்று எடுத்துக்கொண்ட காரியங்களின் நிலை தெரியும். ஒவ்வொன்றுக்கும் எதிரே நடக்கிறது, முடிந்தது, இரண்டில் ஒன்று இருக்கும். பேச்சியம்மாளின் காரியத்துக்கு எதிரே முடிந்தது என்று இருந்தது.

"முடிஞ்சுதா?" என்றாள் குழல்வாய்மொழி. "எப்போ? தாலி கட்டினப்பவா?"

"இல்லக்கா. அன்னைக்கே. சப்பரத்தன்னைக்கு."

"இவுக சரின்னு சொன்னதும், அப்படித்தான?" அவள் குரலில் ஏமாற்றமா நிம்மதியா என்று சொல்ல முடியவில்லை. "அம்மாவுக்கு அந்தக் கவலைதான். ஒருத்தன் கையில பிடிச்சுக் குடுக்கணும்னு."

நான் திரையில் அது முடிந்த நேரத்தைப் பார்த்தேன். சோதனையில் ஆதிநயினாரின் சாவி பதிவான நேரமும் அங்கேயே இருந்தது. இரண்டையும் ஒப்பிட்டேன். நடுவில் நல்ல இடைவெளி. ஒரு மனிதர் வாயைத் திறந்தபடி நிற்கக்கூடிய அளவுக்கு.

"இல்லக்கா," என்றேன். "நீங்க கேட்டதும் முடிஞ்சிருக்கு. அண்ணாச்சி அப்ப இன்னும் பதிலே சொல்லல. உங்களுக்கு வேணுங்கிறத நீங்களே கேக்கிற வரைக்குந்தான் துணைக்கு நிக்கச் சொல்லிருப்பாவ போல."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கொட்டகைப் பக்கம் பார்த்தாள். அங்கே செண்பகம் வரிசையில் நின்ற யாருக்கோ காதைக் கொடுத்துக்கொண்டிருந்தது. குழல்வாய்மொழி தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். ஆதிநயினார் என்ன செய்வதென்று தெரியாமல் கடைக்குள் போய்ப் பாத்திரங்களைக் கழுவ ஆரம்பித்தார்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஷட்டரைத் தானே இழுத்துப் பூட்டினாள்.

"உள்ள ஆளு இருக்காருக்கா," என்றேன்.

"இருக்கட்டும்," என்றாள். "வாயைத் திறந்து கேக்கட்டும், திறந்துவிடுதேன்."